கைப்பிடிப் பக்கத்துக்கு வைத்த பாரம்

என் வலது கை இப்போது ஓர் ஒயர்க்கூடையின் மேல் இருக்கிறது. பச்சையும் மஞ்சளும், சிவன் கண் முடிச்சு. முத்தாண்டிக்குப்பத்துக் கண்ணகி தன் கையால் பின்னிய கூடை. இதன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓர் எழுத்து பொய்யானாலும் இந்தக் கூடை சந்தைக்குப் போகிற வழியிலேயே அறுந்து விழட்டும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில், மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்த்துக்கொள்ளும் சைமன்ராஜின் மனைவி டெய்சிக்கு ஒயர்க்கூடை பின்னுவது பொழுதுபோக்கு. பின்னிய கூடைகள் குவார்ட்டர்ஸை நிரப்பி, மனிதர்கள் பக்கவாட்டில் நடக்கவேண்டி வந்தபோது, இனி கூடைக்குப் பதில் பின்னும் முறையை ஊருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வெப்சைட் தொடங்கினாள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் ரெஜின் செய்துகொடுத்தது. திறந்தால் பாட்டு பாடும். மேலிருந்து ரோஜா இதழ் கொட்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் வீடியோ. முகப்பில் சைமன்ராஜ் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கும் போட்டோ. மீசையை முடி முடியாகப் பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவு பெரிசு. டெய்சி வீட்டில் ஃபைபர் லைன். தொட்டதும் எல்லாம் வந்துவிடும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை போன் வந்தது.

“அக்கா, முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து கண்ணகி பேசறேங்க. உங்க கூடையைத்தான் பின்னிகினு இருக்கேன். பண்ருட்டியில தம்பி வூட்டுல இருந்தப்ப அடியும் உடம்பும் பாத்து முடிச்சிட்டேன். இங்க வந்தப்புறம் கைப்பிடி வர மாட்டேங்குது.”

“முடிச்சு நழுவுதாம்மா?”

“முடிச்சுக்கு எங்க போறது, பேஜே வரலீங்க. வூட்டுல சிக்னலு இல்ல. முந்திரித்தோப்புக் கடைசியில போயி நின்னா ஒரு கோடு காட்டுது. பாட்டு வருது, பூவு கொட்டுது, அண்ணன் மீசை பாதி வருது. அதுக்குள்ள அன்னிக்கு நெட்டு தீந்துடுது. மறுநாளு திரும்பவும் மொதல்லேர்ந்து பூவு கொட்டுது.”

“அவசரமா?”

“ஞாயித்துக்கிழமை நாத்தனாரு வூட்டு கிரகப்பிரவேசங்க. சீரை நான் பின்னின கூடையிலதான் எடுத்துகினு வருவேன்னு சொல்லிட்டேன். அதுக்கு அந்த நாத்தனாரு விஜயலட்சுமி, ‘நீ ஆரம்பிச்சது எது முடிஞ்சிருக்கு? கைப்பிடி இல்லாம இடுப்புல வெச்சிகினு வா, கொழந்தைன்னு நெனச்சிக்கறோம்’னு பந்தல்காரரு எதிர்லயே சொல்லிச்சிங்க.”

டெய்சி போனிலேயே கைப்பிடியைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். தோப்பில் காற்றடித்தபோதெல்லாம் பாதி வாக்கியம் விழுந்துவிட்டது. ‘இடது கை ஒயரை’ என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. அதை என்ன செய்வது என்பது சேரவில்லை.

காலை ஷிப்ட் முடிந்து வந்த சைமன்ராஜிடம் சொன்னாள். அவர் மோர் ஊற்றிக்கொண்டே, “மேல்மண்ணு” என்றார்.

“என்னங்க மண்ணு?”

“கரி எங்க இருக்கு? அடியில. மேல கெடக்கற மண்ணை அள்ளாம எவனாவது கரி எடுத்திருக்கானா? உன் கைப்பிடி அடியில கெடக்கு. மேல பாட்டும் பூவும். அள்ளிக் கொட்டு.”

“மேல உங்க மீசையும்தான் இருக்கு.”

சைமன்ராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். “அது மண்ணு இல்ல. அது கரி.”

டெய்சி அள்ள ஆரம்பித்தாள். பாட்டு போனது, இதழ் போனது. வீடியோக்களை இன்னொரு பக்கத்துக்கு மாற்றி, வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். முடிச்சுகளை வெறும் எழுத்தில் எழுதினாள். எழுதியது புரிகிறதா என்று பார்க்க, சைமன்ராஜைக் கையில் ஒயரோடு அடுத்த அறையில் உட்காரவைத்து, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வாசித்தாள். முதல் தடவை அவர் நாற்காலியோடு சேர்த்துத் தன்னைப் பின்னிக்கொண்டார். அவரை அறுத்து எடுத்துவிட்டு, வாக்கியத்தைத் திருத்தினாள். அடுத்த தடவை நாற்காலி தப்பித்தது. அதற்கடுத்தது கைப்பிடியாகவே வந்தது.

கடைசியில் போட்டோ. அது இருந்த இடத்தில், ‘இங்கே சைமன்ராஜ் கூடையோடு சிரிக்கிறார், மீசை உண்டு’ என்று எழுதினாள்.

“அடர்ந்த மீசைன்னு போடு.”

“எழுத்துக்கும் எடை இருக்குங்க.”

ரெஜின் பதறிப்போய்ப் போன் செய்தான். “அம்மா, சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான். வெறும் எழுத்துதான் நிக்குது.”

“நான்தான்டா பண்ணேன்.”

“பூ எங்கம்மா?”

“கூட்டித் தள்ளிட்டேன்.”

இதுவரை நம்பியவர்கள் இனியும் நம்பவேண்டும். பக்கம் அவ்வளவு இலேசாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கண்ணகி தோப்புக்குக் கிளம்பி செருப்பை மாட்டுவதற்குள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அவள் கேட்கக்கூட இல்லை. அணைத்து வைத்திருந்த மாமியார் போனிலும் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

“அக்கா, ரெண்டு வரி படிக்கறதுக்குள்ள காத்துல போயிடுதுங்க. தொரத்திகினு ஓடினேன், பண்ருட்டி ரோடு வரைக்கும் போச்சு.”

உண்மைதான். அன்று பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டித் தராசில் எடை தெரியவேண்டிய இடத்தில் ‘இடது ஒயரை மேலே கொண்டுவரவும்’ என்று ஓடியது. வடலூர் பஸ்ஸில் கண்டக்டரின் டிக்கெட் மெஷினிலிருந்து கைப்பிடியின் கடைசிப் பகுதி டிக்கெட்டாக வந்தது. வாங்கிய பெரியவர் இறங்குவதற்குள் தன் துண்டுக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டார்.

டெய்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஞாயிறுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

சைமன்ராஜ் மட்டும் அசையவில்லை. “லோடு இல்லாத பெல்ட்டு ஆடத்தான் செய்யும். ஒரு மூலையில பாரம் வை.”

“என்ன பாரங்க?”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தபால்தலை அளவுக்குச் சுருக்கி, பக்கத்தின் கீழ் மூலையில் போட்டோவை வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “மூஞ்சியே தெரியலையே.”

“மீசை தெரியுது பாருங்க.”

தெரிந்தது. சமாதானமானார். பக்கமும் நின்றுவிட்டது.

சனிக்கிழமை கண்ணகி வீட்டிலேயே உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துக் கைப்பிடியைப் பின்னினாள். ஞாயிறன்று தேங்காய், பழம், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாவற்றையும் அதில் வைத்து நாத்தனார் வீட்டு வாசலில் இறக்கினாள். விஜயலட்சுமி கூடையைத் தூக்கிப் பார்த்தாள். உலுக்கிப் பார்த்தாள். பந்தல்காரரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள். அறுபடவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணகி பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பேஜு பேரு என்ன சொன்ன? எழுதிக் குடு. இங்கயும் சிக்னலு ஒரு கோடுதான்.”

அதற்குப் பிறகு பக்கத்து பிளாக்கில் மீன் வளர்க்கும் கலியமூர்த்தி வந்தார். மீனுக்கென்று அவர் தொடங்கியிருந்த வெப்சைட்டில் ஒரு திமிங்கலம் நீந்திக்கொண்டிருந்தது. “எங்கிட்ட இருக்கறது வெரல் நுனி அளவு கப்பி மீனு. திமிங்கலம் எதுக்கு வந்துச்சுன்னே தெரியலம்மா” என்றார். டெய்சி அதைக் கடலுக்கு அனுப்பினாள். இப்போது டவுன்ஷிப்பில் யார் பொழுதுபோக்குப் பக்கம் தொடங்கினாலும், முதலில் முத்தாண்டிக்குப்பம் முந்திரித்தோப்புக் கடைசியில் போய் நின்று திறந்து பார்க்கிறார்கள். அங்கே வந்தால்தான் வெளியே விடுவது. ரெஜினும் லீவுக்கு வந்தபோது போய் நின்றான். கண்ணகி அவனுக்குச் சுட்ட முந்திரிக்கொட்டை கொடுத்து, “பூவு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, கூடையில வெச்சி எடுத்துகினு போவ முடியல” என்றாளாம்.

டெய்சிக்காகக் கண்ணகி இரண்டாவதாக ஒரு கூடை பின்னி அனுப்பினாள். டெய்சி வீட்டில் வைக்க இடமில்லாததால் அது என்னிடம் வந்தது. அதன்மேல்தான் கை வைத்திருக்கிறேன்.

கூடையின் அடியில் வடலூர்க் கடை ஒன்றின் விலைச்சீட்டு கிழியாமல் ஒட்டியிருக்கிறது.