தேங்காய்க்குத் தாங்கும் தளம்

அது எழுபத்தெட்டாம் வருடத்துச் சாரல் காலம். வளைகாப்பு முடித்து மகள் இராமலட்சுமியைப் பிரசவத்துக்கு அழைத்துவர இன்னும் நான்கே நாள். அவள் படுக்கவேண்டிய அறையின் மேல்தான் பக்கத்து வீட்டுத் தென்னை சாய்ந்து நிற்கிறது. குற்றாலத்துக் குரங்குகளுக்கோ காயைத் திருகித் திருகி அந்தத் தளத்தில் போடுவதே பிழைப்பு. ஒவ்வொரு காய்க்கும் அறைக்குள் காரை உதிரும். பிள்ளைபெற்றவள் தலைமாட்டில் உதிர்ந்தால் என்ன கதி என்று வடிவாம்பாள் போன மாதமே நச்சரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் கணவர் முத்துக்குமாரசாமி முப்பது வருடம் ஓவர்சியராகப் பாலம் கட்டியவர். கொத்தனார் மாடக்கண்ணுவை வைத்து, பழைய தளத்தின் மேலேயே கம்பி கட்டி, மூன்று அங்குலம் புதுக் கான்கிரீட் போட்டார். அது இறுகும்வரை இருபத்தொரு நாளும் சாரலே நனைத்துக் கொடுத்தது.

“இனி தேங்கா என்ன, மலையே உருண்டு வந்தாலும் தாங்கும்.”

“காட்டுங்க பாப்போம்.”

“காட்டுதேன். ஏலே மாடக்கண்ணு, ஆட்டுரல்ல கெடக்க குழவியத் தூக்கிட்டு மேல வா.”

“ஐயோ, அரிசி பாதி அரைஞ்சு கெடக்கு! மீதிய நான் பல்லால கடிக்கவா?”

“ஏட்டி, டெஸ்டுன்னா டெஸ்டு.”

மாவு சொட்டச் சொட்டக் குழவி மாடியேறியது. வடிவாம்பாள் அறைவாசலில் நின்று உள்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ‘தொம்’ என்றது. அடுத்த நொடி, சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு காரைப் பத்தை பெயர்ந்து, மகளுக்காகப் போட்டிருந்த தலையணை மேலேயே விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது.

“பாத்தியா! ஒரு கீறல் இல்ல!” மாடியிலிருந்து குரல் வந்தது.

“கீழ வாங்க.”

“கீறல் இல்லங்கேன்!”

“கீறல் இல்லதான். சீலிங்கு தலையணையில கெடக்கு.”

இறங்கி வந்தவர் அண்ணாந்து பார்த்தார். “இது பழசு. நான் போட்டது அசையல.”

“பிள்ளை தலையில விழுதது பழசா இருந்தா வலிக்காதோ?”

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். “அன்னைக்கே சொன்னேம்லா அண்ணாச்சி. மேல பதிச்ச தட்டோட்டையும் அதுக்கடியில சுண்ணாம்பையும் பெயர்த்து, பழைய கான்கிரீட்டக் கொத்திவிட்டுப் போட்டாத்தான் ரெண்டும் ஒட்டும். விழுத அடிய ரெண்டும் சேந்து தாங்கும். இப்பம் அது தனி, இது தனி.”

“ஒண்ணுகூட ஒடையாத தட்டோடுலே. அத எதுக்கு ஒடைக்கணும்?”

“முப்பது வருசம் பாலம் கட்டுனியளே, ஒரு பாலத்துக்காவது அடியில போயி நின்னு பாத்தியளா?” என்றாள் வடிவாம்பாள்.

“அளவு எடுக்கது மேலதானட்டி.”

அவள் படுக்கையை உதறிச் சுருட்டினாள். “சரி. மக உங்க ரூம்ல படுக்கட்டும். அங்கன மரம் எட்டாது. உங்க கட்டில இங்கன போடுதேன்.”

“போடு. எனக்கென்ன பயமா?”

கட்டில் வந்தது. மாடக்கண்ணு சாப்பிடப் போனான். ஓவர்சியர் மதியத் தூக்கத்துக்குச் சாய்ந்தார். கண் மூடவில்லை. வெளியே தென்னை மட்டை சலசலத்தது. ஒருக்களித்தார். மறுபடி சலசலத்தது. எழுந்து உட்கார்ந்தார்.

“ஏட்டி, மாடக்கண்ணு வந்தா உளியோட மேல போகச் சொல்லு. நான் போட்டதையும் தட்டோட்டையும் சேத்துப் பெயர்க்கணும். கீழ கம்பித் துருவையும் தேச்சு எடுக்கணும்.”

“நாலு நாள்ல முடியாதே!”

“முடியாட்டா உம்மக என் ரூம்லயே இருக்கட்டும்.”

“அப்பம் நீங்க?”

அவர் தலையணையை இடுக்கிக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தார்.