ஆறு மணி என்றால் ஒன்பது

அவன் சொல்லும் நேரத்தை நம்பக் கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். லாரியை எங்கே நிறுத்தியிருந்தாலும் போனில் "இதோ, பக்கத்துல வந்துட்டேன்" என்பான். அந்தப் பக்கம் சில சமயம் இருநூறு கிலோமீட்டர் இருக்கும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. உண்மையைச் சொன்னால் வீட்டில் முகம் தொங்கிப்போகும், அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அவனோடு குப்பை கொட்டிய மனைவி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். அவன் சொன்ன நேரத்தோடு மூன்று மணியைக் கூட்டிக்கொண்டு, அதற்கேற்ப அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் கூப்பிட்டபோது அவன் எழுநூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி, சரக்கு இறக்கிய லாரியில் படுத்திருந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. "இந்த ஒரு லோடு மட்டும் முடிச்சுட்டு ஓடி வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

"இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. உங்களையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க. எப்ப வருவீங்க?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சாலையை ஊர் ஊராக மனதில் ஓட்டிப் பார்த்தான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு அங்க இருப்பேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் சொன்ன முதல் நிஜமான நேரம் அது.

டீசல் போட ஒரு தடவை நின்றதோடு சரி. சோறு இறங்கவில்லை. ஒரு பாலத்தில் வேலை நடந்து நாற்பது நிமிடம் வண்டி முடங்கியபோது, வாய்க்கு வந்தபடி திட்டினான். பிறகு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதான். மதியம் மறுபடி கூப்பிட்டு, "ஆறு மணி, அம்மாகிட்ட சொல்லு" என்றான். "சரி சரி, பார்த்து வாங்க" என்றாள், எப்போதும் சொல்வதுபோல.

ஆறடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் அவன் வார்டு வாசலில் நின்றான். அவனைக் கண்டதும் மனைவியின் முகம் வெளிறிப்போனது.

"அதுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"ஆறுன்னுதானே சொன்னேன்?"

"வலியில துடிச்சாங்க. ஊசி போட்டா அஞ்சு மணி நேரம் தூங்குவாங்க, மகன் எப்ப வருவாருன்னு நர்ஸ் கேட்டாங்க. ஒன்பதுன்னு சொல்லிட்டேன். நாலு மணிக்குப் போட்டாங்க. நீங்க வரவும் அவங்க முழிக்கவும் சரியா இருக்கும்னு..."

கோபப்பட அவனுக்கு ஏது வாய்? கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்து, காதருகே குனிந்தான். "அம்மா, வந்துட்டேன்." எத்தனையோ தடவை பொய்யாகச் சொன்னது. இப்போது உண்மையாகச் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா கண் திறக்கவில்லை. ஏழே முக்காலுக்கு மூச்சு நின்றது.

வராந்தாவில் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஊசி வேணாம்னு அடம் பிடிச்சாங்க. 'ஆறு மணின்னு சொல்லியிருக்கான், அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்'னாங்க. 'உங்க பையனைப் பத்தித் தெரியாதா அத்தை'ன்னு நான்தான்..."

"அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

"'இன்னிக்குப் பொய் சொல்ல மாட்டான்'னாங்க. அப்புறம் நான் அழறதைப் பார்த்துட்டு, ஊசிக்குக் கையை நீட்டினாங்க."