டிராக்டர் ஆள் பார்க்க வந்தது

கரட்டுப்பாளையத்தில் பழைய டிராக்டரை யாரும் வாங்குவதில்லை. டிராக்டர்தான் ஊர் ஊராகப் போய், தன்னை ஓட்டுவதற்குப் பழைய ஆளாகப் பார்த்து வாங்கிக்கொள்ளும். புது ஆள் அதற்குக் கட்டுப்படியாகாது.

அந்த மாசியில் ஒரு சிவப்பு டிராக்டர் வந்தது. நாற்பது வயது இருக்கும். கூடவே தரகர் அப்புக்குட்டி. கியர் கம்பியின்மேல் துண்டைப் போட்டு, அடியில் கையை விட்டு, அது விரலை அழுத்துகிற அழுத்தத்தை வைத்து மனசைச் சொல்லிவிடுவார்.

வெள்ளியங்கிரிக்கு டிராக்டர்மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. சகலை நாச்சிமுத்துவையும் அது பார்க்கப்போகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் சோறு இறங்கவில்லை. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். இருபத்தெட்டு வருஷமாக, சகலை கிணற்றில் தண்ணீர் ஊறினால் இவருக்குத் தொண்டை காயும். அவன் அந்த உசரத்தில் உட்கார்ந்து தன் வாசலைத் தாண்டிப் போவான், தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். நினைத்தாலே கழுத்து வலித்தது.

தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்தார். புதுச் செருப்பு வாங்கினார்.

டிராக்டர் விடிந்ததும் வரும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த ஆள் எழுந்திருக்கும்போது என்னென்ன சத்தம் வருகிறது என்று கேட்பதுதான் முதல் சோதனை. வெள்ளியங்கிரி நான்கு மணிக்கே எழுந்து, காபி குடித்து, வீட்டை மூன்று சுற்று சுற்றி, மூட்டுகளையெல்லாம் இளக்கிவிட்டு, மறுபடி போர்வைக்குள் படுத்துக்கொண்டார்.

வந்த டிராக்டர் முன் பம்பரை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தது. அப்புக்குட்டி துண்டைப் போட்டார்.

"உடம்பு சுடுதுங்களாமா. முன்னாடியே ஒருக்கா கிளப்பி வெச்சிருக்கீங்க."

"காச்சலுங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"புதுப் பெயின்ட் வேற. அடியில துரு இருக்கும்ங்குது."

அவர் சம்சாரம் மயிலாத்தா முன்னே வந்தாள். "ஒரே ஓனருதானுங்க. நான்தான். சத்தம் கொஞ்சம் சாஸ்தி, வேலை கம்மி."

டிராக்டர் பின்னால் நகர்ந்து, திரும்பி, நாச்சிமுத்து வீட்டுக்குப் போனது. வெள்ளியங்கிரி வேலியோரம் நின்று பார்த்தார். நாச்சிமுத்து நரைத்த தலையோடு நாலு தரம் இருமி, ஐந்தாவதில் எழுந்தார். பல் இரண்டு இல்லை. பழைய செருப்பு இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. டிராக்டர் அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார்.

"என்ன சகலை, காத்தால இந்தப் பக்கம்?" என்றார் மேலேயிருந்து.

"ஓணான் பாக்க வந்தேன்," என்றார் வெள்ளியங்கிரி, அண்ணாந்து பார்க்காமல்.

எட்டு நாள் கழித்து அப்புக்குட்டி மட்டும் வந்தார். கிளச்சை மிதித்தால் நாச்சிமுத்துவுக்கு இடது முழங்கால் பிடித்துக்கொள்கிறதாம்.

"அப்ப என்னைய எடுத்துக்குதா?"

"முழு ஆளு வேண்டாமுங்க. உங்க இடது முழங்கால் மட்டும், ஸ்பேருக்கு. தேயவே இல்லைன்னு அன்னிக்கே பாத்து வெச்சுதாம்."

ஊரில் எத்தனையோ முழங்கால் இருக்க, தன்னுடையதைக் கேட்டிருக்கிறது. வெள்ளியங்கிரி கழற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த முழங்கால் விடிந்ததும் போய், பொழுது சாயச் சேறும் டீசல் வாசமுமாகத் திரும்பியது. "வெள்ளியங்கிரி முழங்கால் என்னமா மிதிக்குது" என்று ஊரே பேசியது. இரண்டு நாள் அவருக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் கோலூன்றி வாசலில் நின்றார். அது அந்த உசரத்தில் மடங்கி நிமிர்ந்து அவரைத் தாண்டிப் போனது. இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சகலையை அவர் மறந்தே போனார்.

சாயங்காலம் மயிலாத்தா வெந்நீரை முதலில் அதற்குத்தான் ஊற்றினாள். "உழைச்சுட்டு வந்திருக்குது. நீங்க பொறவு ஊத்திக்குங்க."

அவர் அதனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாசி முடிவதற்குள் அப்புக்குட்டி இன்னொரு தரம் வந்தார். "பிரேக்குக்கு வலது முழங்கால் ஒண்ணு பாக்குதுங்க. நாளைக்குக் காத்தால வருது."

மறுநாள் நான்கு மணிக்கு வெள்ளியங்கிரிக்கு விழிப்பு வந்தது. வலது முழங்கால் பக்கத்தில் இல்லை. வெளியே அது வீட்டை மூன்று சுற்று சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு பூனைபோல வந்து போர்வைக்குள் படுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தார். நன்றாகச் சுட்டது.

டிராக்டர் வந்து தொட்டுப் பார்க்கும்வரை அந்தச் சூடு ஆறாமல் இருக்க, மயிலாத்தாவின் போர்வையையும் உருவி, அதன்மேல் போட்டு இறுக்கமாக மூடினார்.