தாய்மாமன் முறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தையல் பெண்களிடம் சொல்லிவிட்டேன்: “சாரு மோருன்னு கூப்புடாதீங்க, அண்ணேன்னே கூப்புடுங்க.” அதில் எனக்கு ஒரு கர்வம். கீரனூருக்கு வெளியே, திருச்சி ரோட்டில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கும் கம்பெனி எங்களுடையது. தைப்பவர்கள் நாற்பது பெண்கள். அவர்களுக்கு மேலே மேனேஜர் நான், ரகுநாத். ஹெச்.ஆர். பரிமளா மேடம் மாதம் ஒருமுறை கூட்டம் போட்டு, “சிரிச்சுப் பேசுங்க சார், ஆனா நடுவுல ஒரு கோடு இருக்கணும்” என்பார். கோடு துணியில் இருந்தால் போதும் மேடம் என்று நான் கிண்டல் செய்வேன்.

செல்வராணி இரண்டாவது லைனில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். புருஷன் சவூதிக்குப் போனவன். இரண்டு வருஷமாகப் பேச்சுமூச்சு இல்லை. அவளுக்கு உடன்பிறந்த ஆணும் கிடையாது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை என்று மகன் வசந்துக்கு மூன்று வயது வரை காதே குத்தவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸை மூடிவிட்டு, “நீங்க உக்காருறீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. திருக்கோகர்ணம் கோயிலில் பையனை மடியில் வைத்துக்கொண்டேன். புதுச் சட்டை, பழத்தட்டு, இரண்டு பொட்டுத் தோடு, எல்லாம் மாமன் சீராக நான் வாங்கிப் போனது. “சொந்தமுமில்ல, சாதியுமில்ல, இவரு யாரு?” என்று அவள் ஊர்க்காரர் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. “எங்கண்ணன்” என்றாள் செல்வராணி. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நாலு மாதம் கழித்து அவள் மெஷினில் ஊசி உடைந்தது.

எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் உடனே மெஷினை நிறுத்திக் கை தூக்க வேண்டும். எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லாட்டில் உள்ள அத்தனை உடுப்பையும் நிறுத்தித் தேட வேண்டும். பச்சைக் குழந்தை போடுகிற துணி அல்லவா? செல்வராணி கை தூக்கவில்லை. பையனுக்குக் காய்ச்சல் என்று தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பயந்துபோய்த் தானே தேடியிருக்கிறாள். அதற்குள் தைத்த துணியெல்லாம் பேக்கிங்குக்குப் போய்விட்டது. அப்புறம்தான் என்னிடம் வந்தாள்.

“நுனி மட்டும் கெடைக்கலண்ணே. எழுதிராதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா நானும் எம்புள்ளையும் எங்கிட்டுப் போவோம்?”

உடுப்பில் இரும்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் மெட்டல் டிடெக்டர் அன்று பழுது. மெக்கானிக் மறுநாள்தான் வருவார். ஊசி உடையாத நாளில் அது இல்லாமலே சரக்கை அனுப்பலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். லாரியோ சாயங்காலமே கிளம்ப வேண்டும். வேறு யாராக இருந்தாலும் லாரியை நிறுத்தியிருப்பேன். “தரையில எங்கிட்டாச்சும் விழுந்திருக்கும், போம்மா” என்று புது ஊசியை எடுத்துக் கொடுத்தேன். பெரிய அண்ணன்!

பதினோராம் நாள், சென்னையில் சரக்கைச் சோதித்தவர்கள் ஒரு சின்னச் சட்டையின் தோள் தையலில் அந்த நுனியைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆர்டர் முழுவதும் திரும்பி வந்தது. லாட் சீட்டில் செல்வராணியின் டோக்கன் நம்பர் இருந்தது.

விசாரணைக்கு முன்னால் அவளைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் கூப்பிட்டேன். “எங்கிட்ட சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. நான் உள்ள இருந்தாத்தான் ஒன்னையக் காப்பாத்த முடியும்” என்றேன். அப்போது அதை நானே நம்பினேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பொய். நான் பயந்தது என் வேலையை நினைத்துத்தான்.

“சரிண்ணே” என்றாள்.

பரிமளா மேடம் முதலில் என்னிடம் கேட்டார். “ஒங்ககிட்ட சொன்னாங்களா சார்?”

“இல்ல மேடம்.”

அடுத்து அவளிடம் கேட்டார். “யாருகிட்டயும் சொல்லலீங்க. பயந்துட்டேன்” என்றாள் செல்வராணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இனி அண்ணன் பேசுவார் என்று நம்பிக் காத்திருந்தாள். நான் மேஜைமேல் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் அதே பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவள் போன பிறகு மேடம் என்னைப் பாராட்டினார். “அவ்வளவு பழகினவங்கன்னும் பாக்காம கையெழுத்துப் போட்டீங்களே சார், இதைத்தான் நான் சொல்லிட்டே இருந்தேன்.” அடுத்த மாதக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். நானும் வெட்கமில்லாமல் நின்றேன்.

நேற்று கீரனூர் பஸ் ஸ்டாண்டில் செல்வராணியைப் பார்த்தேன். கடலை பறிக்கும் வேலைக்குப் போய்த் திரும்புகிறாள் போல, சேலையெல்லாம் செம்மண். பையன் காதில் நான் போட்ட தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள். தோடு எங்கே போயிருக்கும் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதற்குள், “மாமா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்த வசந்த் என் காலைக் கட்டிக்கொண்டான்.

செல்வராணி அவசரமில்லாமல் நடந்து வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குனிந்து, பையனின் கையை என் காலிலிருந்து எடுத்துவிட்டாள்.

“மாமா இல்லடா, சாரு. சாருக்கு வணக்கம் சொல்லு.”

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.