பதினேழாம் விதியில் ஓர் இருமல்

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூடியில் ஒரு வரி உண்டு: ‘இவ்விளையாட்டை உருவாக்கியவர்’. அதற்குக் கீழே நாற்பது வருடமாக ஒரே பெயர். புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. இன்று பகல் பன்னிரண்டுக்குள், அந்தப் பெயர் இருக்கட்டும் என்றோ மாற்றுங்கள் என்றோ சொல்ல வேண்டியவள்தான் இதை எழுதுகிறவள். உரிமைப் பத்திரம் அவளிடம் இருக்கிறது. மூடியில் இருப்பது அவளுடைய அப்பாவின் பெயர். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

அவளை ‘அவள்’ என்றே எழுதப் போகிறேன். ‘நான்’ என்று எழுதினால் பேனா தானாக அப்பா பக்கம் சாய்ந்துவிடுகிறது. மூன்று தடவை முயன்று பார்த்தாயிற்று.

இப்போது மணி பத்தேகால்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மேதைகள் எப்போதும் தனிமையில்தான்’ (இல்லை. அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.)

இரண்டாவது முயற்சி: ‘நில அளவை அலுவலகம் ஒன்றின் பின்னறையில்’ (இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

பின்னறையில், பழைய கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அதன்மேல் ஒரு வரைபடத்தை விரித்து, சட்டைப் பொத்தான்களைப் படைகளாக நிறுத்திப் போர் விளையாடுவார்கள். கறுப்பு ஒரு படை, வெள்ளை எதிர்ப்படை. பகடை உருட்டி நகர்த்த வேண்டும். வரைபடம் போட்டவர் அந்த அலுவலகத்தின் வரைவாளர். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் நடுவர். இவளுக்கு மட்டும் மாமா. அப்பா அங்கே தட்டச்சர்.

ஒரு சனிக்கிழமை வெள்ளைப் படைக்காரர் வரவில்லை. ஆள் குறைகிறது என்று, தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்த பெண்ணைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார்கள். (அந்தப் பெண்தான் பிற்பாடு அம்மா. இந்த இடத்தில் இதைக் காதல் கதையாக்கக் கை பரபரக்கிறது. கூடாது.)

அரைமணி நேரம் பொத்தான்களைத் தள்ளிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “எனக்குப் படை வேண்டாம். இந்தப் பொத்தான்ல ஒரே ஒரு ஆள் போதும். அவன் குதிரையை விட்டு இறங்கி, ஆத்தோரமா இருக்கிற அந்த வீட்டுக்குப் போறான். அங்க இருக்கிறவங்ககிட்ட அவனுக்குப் பேசணும்.”

விதியில் இதற்கு இடமே கிடையாது. வரைபடத்தில் அந்த வீடு ஒரு சின்னச் சதுரம். மற்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் இருமினார். பிறகு, “சரி. கதவைத் திறந்தது கையில கோடாலியோட ஒரு பெரியவர். உங்க ஆளு இப்ப என்ன செய்யறான்?” என்றார்.

அவ்வளவுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, நடுவர் நிலைமையைச் சொல்லச் சொல்ல, தான் செய்வதை வாயால் சொல்லிப் பகடை உருட்டுகிறார்களே, அந்த விளையாட்டு இந்தக் கதைக்குள் பிறந்தது அப்போதுதான்.*

அப்பா அடுத்த இரண்டு மாதம் மேசையோரம் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு, நடப்பதையெல்லாம் விதிகளாக அடித்தார். நாற்பத்திரண்டு விதிகள். அந்தத் தாள்கள்தான் பெட்டிக்குள் போயின; அடித்தவர் பெயர் மூடியில் ஏறியது.

(* கதைக்கு வெளியே வேறு மேசைகளில் வேறு ஆட்கள், யார் கண்டுபிடித்தது என்று இதே சண்டையைப் போட்டிருப்பார்கள். அதைத் தீர்த்துவைக்க இவளுக்கு யோக்கியதை இல்லை. சொந்த வீட்டுச் சண்டையே தலைக்குமேல் இருக்கிறது.)

3

நடுவரைப் பேராசைக்காரராக எழுதிவிட்டால் வேலை சுலபம். எழுதியும் பார்த்தாள்: ‘நடுவரின் கண்களில் ஒரு தந்திரம்’ (பொய். ஒரு கண்ணில் புரை, வேறொன்றும் இல்லை.)

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். பழைய விதிப் புத்தகத்தை அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பதினேழாம் விதி வந்தது. ‘நடுவர் இருமினால் ஆட்டம் ஒரு சுற்று நிற்கும். அதுவரை எவரும் பேசலாகாது.’ விளையாடுகிறவர்களுக்கு உயிரான விதி அது. பதற்றத்தைக் கூட்டும் அபாரமான உத்தி என்று பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. தொண்டையில் ஒன்றுமே இல்லாதவர்கள்கூட இருமிக் காட்டுகிறார்கள்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்மா. அதோட, உங்க அம்மா அப்படிக் கேட்டதும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. இருமினா யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. உங்க அப்பா அதையும் சேர்த்து அடிச்சுட்டார்.”

அவளும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் அந்த விதியை மறுபடி படித்தாள். விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கு அதில் எது விதி, எது சளி என்று தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தெரியவில்லை. நல்ல தட்டச்சர். காதில் விழுந்த எதையும் விடமாட்டார்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாமே மாமா?”

“என்னன்னு சொல்றது? அவரு அடிச்சு வைக்கலைன்னா அது அந்தப் பின்னறையோட போயிருக்கும். அது எனக்குத் தெரியாதா?” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “போன மாசம் என் பொண்ணு இந்தப் பெட்டியை வாங்கிட்டு வந்தா. ‘உங்க பேரு எங்க, அப்பா?’ன்னு கேட்டா. நானும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேற ஒண்ணும் வேண்டாம்மா. பேரு மட்டும்.”

4

பத்தே முக்கால். அம்மா தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருமல் விஷயத்தைச் சொன்னாள்.

“தெரியும்” என்றாள் அம்மா.

“தெரியுமா?”

“எதிர்ல உட்கார்ந்திருந்தது நான்தானே. பாதி என் மேலதான் தெறிச்சுது.”

“பின்ன ஏம்மா சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? உங்க அப்பா முப்பது வருஷம் ஆபீஸ்ல அடிச்ச தாள்ல ஒண்ணுலகூட அவர் பேரு கிடையாது. அடிச்சது இவரு, கீழ கையெழுத்து வேற யாரோ. இந்த ஒரு மூடியிலதான் அவர் பேரு இருக்கு.”

அவள் ஓர் உறையை மடித்து வைத்தாள். ஆனாலும் கேட்டாள். “அப்ப நீ? அந்த ஆளைக் குதிரையை விட்டு இறக்கினது நீதானே?”

“ஆட்டத்தைக் கெடுக்கணும்னுதான் இறக்கினேன். சலிச்சுப் போச்சு, வீட்டுக்குப் போகணும். இப்படி ஏதாவது ஏடாகூடமா கேட்டா விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். அவரு என்னடான்னா இருமிட்டு, என்ன செய்யறான்னு கேக்கறார். அப்புறம் எங்க வீட்டுக்குப் போறது?”

(இங்கே எழுதுகிறவள் நிறுத்திவிட்டாள். இதைக் கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது? ஒருத்தி நிறுத்தப் பார்த்தாள், ஒருவர் நேரத்தைக் கடத்தினார், ஒருவர் புரியாமல் எழுதிவைத்தார். இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும்)

மூன்று பேரையும் போட்டுவிட்டால் போயிற்று என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அவளும் அதைத்தான் சொன்னாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நடுவர் பேரு வந்தா, இத்தனை நாள் உங்க அப்பா அதைத் திருடி வெச்சிருந்தார்னு ஆகும். என் பேரு வந்தா, நானே அவரைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும். போடு. உன் கையில இருக்கு. ஆனா அப்புறம் என்கிட்ட பேச வராதே.”

குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

5

முடிவுகள்.

ஒன்று: அப்பா பெயரே இருக்கட்டும். மாமா கடைக்குப் போய்ப் புதிய பெட்டியை எடுத்துப் பார்க்கிறார். வாங்காமல் வைத்துவிடுகிறார். அவர் கேட்டது வாழ்க்கையில் இந்த ஒன்றைத்தான்.

இரண்டு: மாமா பெயர். எழுதிப் பார்த்தேன். அப்பா பெயரின் மேல் கோடு இழுக்கும்போது கை (விட்டுவிடுகிறேன்.)

மூன்று: பழைய கோப்பு ஒன்றில் அப்பாவே கைப்பட எழுதிய சீட்டு கிடைக்கிறது. ‘இது என்னுடையது அல்ல. நேரம் வரும்போது சொல்லிவிடுங்கள்.’ அருமையான முடிவு, யாருக்கும் நோகாது. அப்படி ஒரு சீட்டு இல்லை. பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியாயிற்று.

6

பதினொன்று ஐம்பத்தாறு. அச்சகத்திலிருந்து அழைப்பு.

“மேடம், மெஷின் சும்மா நிக்குது. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அம்மா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவள் தொலைபேசியில் ஒரு பெயரைச் சொன்னாள். அச்சகத்துக்காரர் எழுத்து எழுத்தாகத் திருப்பிப் படித்தார். அறை முழுக்கக் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் அம்மா எழுந்து உள்ளே போகிறாள். அப்பா பெயரையே சொன்ன பிரதியிலும் போகிறாள். அம்மா கேட்டதுதானே கிடைத்தது, பிறகு ஏன் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவளுக்கும் உள்ளுக்குள்

(தெரியாது. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.)

ஆகவே பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். யாருடையதாக இருந்தாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன், எல்லாப் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நிரப்பிய கையோடு உள்ளே போய், கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார வேண்டியதும் நீங்கள்தான். என்னால் இன்னும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.