நடுத்தண்டு

"பேய்னு ஒண்ணு கிடையாது. பல்சக்கரக் கணக்குன்னு ஒண்ணுதான் உண்டு" என்று சத்தியசீலன் சாவு வீட்டில் அறிவித்தபோது, வாசலில் வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மயானத்துக்குக் கிளம்பக் காத்திருந்தது.

ஹாலில் அவன் அப்பா சந்திரன் பெட்டிக்குள் படுத்திருந்தார். பின்பக்கக் கொட்டகையில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் மறுபடி வந்தது. டக். கொஞ்சம் விட்டு, டக்.

அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது நிக்கிற வரைக்கும் தூக்க விடமாட்டேன். அவரு இன்னும் அங்கதான் வேல செஞ்சிக்கிட்டு இருக்காரு."

மங்கம்மா அத்தை தன் அண்ணன் காதருகே குனிந்தாள். "போதும்ணே. கெளம்புண்ணே."

"லைன் கட்டாயிருச்சு லா, அத்தை. யாருகிட்ட பேசுறீங்க?"

"வாய மூடுடா! காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்குறானுங்களா?"

"சத்தம்தானே? நான் நிறுத்திட்டு வரேன்."

கொட்டகையில் விளக்கெண்ணெய் வாடை. எஸ்டேட் லோரி மெக்கானிக்கான சந்திரன், நூறு வருஷத்துக்கு முந்தைய விமான எஞ்சின் ஒன்றைப் படம் பார்த்துப் பித்தளையில் செய்து சுவரில் மாட்டியிருந்தார். கிறுக்கு எஞ்சின். நடுத்தண்டு அசையாமல் நிற்கும். ஒன்பது சிலிண்டரும் ராட்டினம்போல அதைச் சுற்றி வரும். உள்ளே கேம் என்கிற மேடுபள்ளமான வட்டத் தகடும், பல்சக்கரம் வழியாக, கூடவே சுற்றும். ஆனால் சிலிண்டர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக. அந்தப் பின்தங்கலில்தான் மேடு ஒவ்வொரு வால்வையும் முறை வைத்துத் தட்டித் திறக்கும்.

டக்.

விடை சுலபம். கனம் கூடிய சிலிண்டர் ஒன்று தானாகக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். சிலிண்டர்களுக்கு இடையில் கட்டையைச் செருகி, கயிற்றால் சுவரிலிருந்த சட்டத்தோடு சேர்த்து இறுக்கினான். பலங்கொண்ட மட்டும் தள்ளினான். இம்மியும் அசையவில்லை. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

டக்.

சத்தியசீலன் கணக்குப் போட்டான். ஏதாவது ஒன்று சுற்றாமல் வால்வு தட்டாது. சிலிண்டர் சுற்றவில்லை. கேம் தனியாகச் சுற்றாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

தண்டைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டுகளைத் திருகிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. தண்டின் முனையில் விரலை வைத்தான். சில்லென்ற பித்தளை, விரலுக்கடியில், மெல்லத் திரும்பியது.

அவன் ஹாலுக்கு வந்தபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னுருச்சா?"

அவன் நேராகப் பெட்டியை நோக்கி நடந்தான்.

"என்னடா," என்றாள் அத்தை, "ஒன் கணக்கு என்ன சொல்லுது?"

"கொஞ்சம் தள்ளுங்க, அத்தை."

பெட்டியருகே மண்டியிட்டான். யாரையும் பார்க்காமல் குனிந்து, அப்பாவின் காதில் வைத்திருந்த பஞ்சை மெல்ல விலக்கினான்.