கன்னத்துக் கொம்பு

விராலிமலைச் சாலையில் பைபர் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் முத்துராஜ், பசு, மான், கல்யாண மண்டபத்து யானை என எதைக் கேட்டாலும் செய்து கொடுத்துவிடுவான். டைனோசர் மட்டும் இப்போதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்து வாசலுக்கு ட்ரைசெராடாப்ஸ் தலை ஒன்று கேட்டிருந்தார்கள். தாளாளருக்குத் தலை பிடித்தால் இருபத்தைந்து அடியில் முழு விலங்கு செய்யும் வேலையும் அவனுக்கே, பிடிக்காவிட்டால் திருச்சிப் பட்டறைக்காரனுக்கு. அந்த முழு விலங்கின் மேல் முத்துராஜுக்குக் கொள்ளை ஆசை.

அறிவியல் டீச்சர் திலகவதி காலையிலேயே பட்டறைக்கு வந்து தலையைச் சுற்றிப் பார்த்தார். பிடரியில் விசிறியாய் விரிந்த எலும்புக் கேடயம் சரி. கண்ணுக்கு மேலே இரண்டு நீளக் கொம்பு, மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு, கிளிமூக்கு வாய், எல்லாம் சரி. கன்னத்தருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்தக் கன்னத்துக் கொம்பு ஏங்க மேல பாத்து நிக்குது? நான் குடுத்த படத்துல கீழதான பாக்குது?"

"படத்துல தப்பா வரஞ்சிருக்காங்க டீச்சர். கொம்பு தொங்குனா நம்ம பக்கம் காளையை யாரு மதிப்பா? அதான் நிமித்தி விட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க கண்ணுக்குக் கீழ தொட்டுப் பாருங்க. எலும்பு தட்டுப்படுதா? அந்தக் கன்னத்தெலும்புதான் இதுக்குப் பக்கவாட்டுல கீழாக்க நீண்டிருக்கு. நுனியில தொப்பி போட்டாப்புல தனியா ஒரு சின்ன எலும்பு. கொம்புன்னு சொல்றது நம்ம வசதிக்குத்தாங்க."

முத்துராஜ் தொட்டுப் பார்த்தான். பட்டறைக்குப் பின்னால் கட்டியிருந்த தன் காளையின் கன்னத்தையும் போய்த் தடவினான். அங்கேயும் ஒரு மேடு இருந்தது. இத்தனை வருஷம் அந்த முகத்தைக் குளிப்பாட்டியும் கொம்பைத் தவிர எதையும் பார்க்கவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. மத்தியானத்துக்குள் பொம்மையின் கன்னத்துக் கொம்பு இரண்டையும் அறுத்தெடுத்து, கண்ணுக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சரித்து ஒட்டி, நுனியில் தொப்பியும் வைத்துவிட்டான்.

சாயங்காலம் தாளாளர் அடைக்கலம் வந்தார். வீட்டில் மூன்று ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர். கன்னத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னப்பா இது, தொங்கு கொம்பா இருக்கு? மேல திருப்பி விடு."

கூட வந்திருந்த திலகவதி பிடரிக் கேடயத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். வேலை அவருக்கும் வேண்டும் அல்லவா. முத்துராஜ் சரிங்கய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் முழு விலங்கும் கைக்கு வந்துவிடும்.

"முடியாதுங்கய்யா. இது கொம்பில்ல, கன்னத்தெலும்பு. பிள்ளைங்க இதைப் பாத்துத்தான் படிக்கப்போவுது. தப்பா வைக்க மாட்டேன்."

அடைக்கலம் குனிந்து ஒரு பக்கம் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார்.

"முழு ஒடம்பு செய்யிறப்பவும் இப்புடித்தான் அடம் புடிப்பியா?"

"இன்னும் கூடத்தான் புடிப்பேங்கய்யா."

"அப்ப நீயே செய்யி" என்றார் அடைக்கலம். "திருச்சிக்காரன் நான் சொன்ன பக்கமெல்லாம் திருப்பிப்புடுவான்."